நூற்றி எண்பதைத் தொட்டால்

மாயாபந்தர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், காலை ஆறரை மணிக்கு, நர்ஸ் ராசம்மா கரீமாவின் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார். பட்டையை அவிழ்த்து வலது கையில் சுற்றினார். கண்ணுகளா, நர்ஸ் கை மாற்றிப் பார்க்கிறார் என்றால் முதல் கையில் வந்தது நல்ல எண் இல்லை என்றுதான் அர்த்தம்.

வலது கையிலும் அதேதான். மேலே நூற்றித் தொண்ணூற்றெட்டு, கீழே நூற்றிப் பன்னிரண்டு.

"டாக்டரக் கூப்பிட்டுட்டு வாறேன். நீங்க அசையாமப் படுங்க" என்று சொல்லிவிட்டு ராசம்மா ஓடினார். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். வேகமாக நடந்தாலே ஓடுவது போல இருக்கும். அன்று உண்மையாகவே ஓடினார்.

கரீமாவுக்கு வயது ஐம்பத்தாறு. ரங்கத் பஜாரில் ஊசி, நூல், பொத்தான், லைனிங் துணி விற்கும் கடை அவருடையது. கணவர் அப்துல் குத்தூஸ் துணி கிழித்துக் கொடுப்பார், பேச்சு முழுவதும் கரீமாதான். மூன்று வருடம் விண்ணப்பம் போட்டு, மூன்றாவது வருடக் குலுக்கலில் இருவர் பெயரும் ஹஜ்ஜுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் விமானம். பஜாரே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. ஆனால் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பண்டம் வாயில் பட்டால் விலா எலும்புக்குக் கீழே பிடித்து முறுக்கும். "கல்லை எடுத்தால்தான் பயணத்துக்குச் சான்று தருவேன்" என்று சொல்லிவிட்டார் சோதனை செய்த டாக்டர். போர்ட் பிளேரில் தேதி கேட்டதற்கு ஏப்ரல் கிடைத்தது. அது உதவாது. அந்த நேரத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு மூன்று நாள் ஆபரேஷன் முகாமுக்கு மாயாபந்தர் வருவதாகச் செய்தி வந்தது. அடுத்த முகாம் ஜூலையில். அதற்குள் ஹஜ்ஜே முடிந்திருக்கும்.

அன்று முகாமின் மூன்றாம் நாள், கடைசி நாள். பட்டியலில் கரீமா இரண்டாவது.

மயக்க மருந்து டாக்டர் வைஜெயந்தி வந்தார். மதுரைக்காரர், குட்டையான உருவம், கையில் எப்போதும் பேனா.

"பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?"

"நாலு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல டாக்டர்."

"அம்லோடிபின்தானே? இன்னிக்குக் காலையில ஒரு வாய்த் தண்ணியோட போடச் சொல்லியிருந்தேனே. போட்டீங்களா?"

கரீமா கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னிக்கு இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

"எத்தனை நாளா இல்ல?"

"ஆறு நாளா" என்றார் கரீமா. உடனே குரலை உயர்த்தினார். "மறந்து விடல டாக்டர். நோன்பு."

போன ரமலானில் கல் வலி வந்து ஏழு நோன்பு விட்டுப்போயிருந்தது. அடுத்த ரமலான் பிறக்க மூன்று வாரம்தான் இருந்தது. விட்டதைப் பிடிக்காமல் ஹஜ்ஜுக்குக் கிளம்பக் கரீமாவுக்கு மனமில்லை. ஆறு நாள் வரிசையாக நோன்பு வைத்துவிட்டார்.

"சரிம்மா, நோன்பு வைங்க. மாத்திரையை ஏன் விட்டீங்க? விடியறதுக்கு முன்னால சாப்பிடுவீங்கல்ல, அப்பப் போட்டிருக்கலாமே?"

"அது சஹர் சாப்பாடு, ராத்திரிக் கணக்கு. சீட்டுல காலை உணவுக்குப் பின்னு எழுதியிருக்கு. காலை உணவே இல்லையே டாக்டர். இல்லாத உணவுக்குப் பின்னால எப்படிப் போடுறது?"

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷனுக்காகக் காத்திருந்த மரகதம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரங்கத் பக்கம் பாக்குத் தோட்டக்காரர்.

"அக்கா, சிரிக்க வைக்காதீங்க. எனக்கு இங்க பிதுங்குது."

"சரி, ஆறு ஆச்சு" என்றார் வைஜெயந்தி. "இன்னிக்கு ஏன் போடல?"

"இன்னிக்கு ஏழாவது."

"ஆபரேஷன் அன்னிக்கா?"

"நீங்கதானே ராத்திரியிலேர்ந்து எதுவும் சாப்பிடாதேன்னீங்க. எப்படியும் பட்டினி. அந்தப் பட்டினி வீணாப் போகலாமா? அதான் நோன்புன்னே மனசுல நிய்யத்து வச்சுட்டேன்."

வைஜெயந்தி பேனாவை மூடினார். பதினைந்து வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறார். பயந்து பட்டினியை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறார், ஒளித்து இட்லி தின்றவர்களைப் பார்த்திருக்கிறார். பட்டினியை வேறொரு கணக்கில் சேர்த்துக்கொண்ட ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார்.

"கேளுங்கம்மா. நூத்தி எம்பதுக்கு நூத்திப் பத்து. அதுக்கு மேல இருந்தா, அவசரமில்லாத ஆபரேஷனை நாங்க தள்ளி வைக்கிறதுதான் வழக்கம். மயக்கம் கொடுத்துத் தொண்டையில குழாய் போடுறப்ப பிரஷர் இன்னும் எகிறும். அப்புறம் மயக்கம் ஆழமாகுறப்ப விழும். அந்த ஏத்த இறக்கம் மூளைக்கும் இதயத்துக்கும் ஆகாது."

கரீமாவின் முகம் வெளுத்தது. "தள்ளி வைக்கிறதுன்னா, நாளைக்கா?"

"நாளைக்கு விடியறப்ப நாங்க கிளம்புறோம்மா."

அந்த ஒரு வார்த்தையில் குத்தூஸ் எழுந்து நின்றார். "டாக்டரம்மா, நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைப்பாங்களே! எங்க வாப்பாவுக்கு வச்சாங்க, பத்து நிமிஷத்துல இறங்கிருச்சு. அதை வச்சுடுங்க."

"அதுவும் இந்த மாத்திரையோட குடும்பம்தான் பாய். ஆனா அந்த வழக்கத்தை விட்டுட்டோம். மாடியிலேர்ந்து தள்ளிவிடுற மாதிரி அது. எங்க போய் நிக்கும்னு நம்ம கையில இல்ல. எனக்குப் படிப்படியா இறங்கணும்." அவர் யோசித்தார். கண்கள் மின்னின. "அதே குடும்பத்துல இன்னொருத்தர் என் பெட்டியில இருக்கார். நிகார்டிபின். நரம்பு ஊசி வழியாச் சொட்டுச் சொட்டாப் போகும். கூட்டணும்னா கூட்டலாம், குறைக்கணும்னா குறைக்கலாம்."

"அது என்ன செய்யும்?" என்று கேட்டார் கரீமா. தெரியாத சரக்கைக் கடைக்குள் விடாதவர் அவர்.

"ரத்தக்குழாய்ச் சுவர்ல சின்னச் சின்னத் தசை இருக்கு. கால்சியம் உள்ள நுழைஞ்சா அது இறுகும். இந்த மருந்து அந்த வாசலைச் சாத்திடும். தசை தளரும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும்."

"கால்சியத்தை நிறுத்திட்டா எனக்கு எலும்பு தேய்ஞ்சிடாதா?"

"உங்க எலும்புக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அது வேற வாசல். இப்ப இந்த மாத்திரையையும் ஒரு வாய்த் தண்ணியோட போடுங்க. சொட்டு மருந்தை நிறுத்தின கொஞ்ச நேரத்துல அதோட வேலை போயிடும். மாத்திரை மெதுவா ஏறி, நாள் முழுக்கத் தாங்கும். மாத்திரை உள்ள இருந்தாத்தான் சொட்டு மருந்தை நிறுத்த முடியும்."

கரீமா வாயை இறுக மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

"புள்ள, பிடிவாதம் பண்ணாதே" என்றார் குத்தூஸ். போனை எடுத்து ரங்கத் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

ஹஸ்ரத் பொறுமையாகக் கேட்டார். "நரம்புல போற மருந்து சாப்பாடு ஆகாது. அதனால நோன்பு முறியாதுன்னுதான் நான் படிச்சது. ஆனா கரீமாம்மா, நோயாளிக்கு நோன்பே கட்டாயமில்ல. ஆபத்துன்னா உடனே திறந்துடணும். அதுதான் மார்க்கம்."

"ஆபத்துன்னாத்தானே ஹஸ்ரத்?"

"ஆபத்தா இல்லையான்னு டாக்டரம்மாதான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

மரகதம் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப நோன்பு திறப்பீங்க?" என்று கேட்டார் வைஜெயந்தி.

"மஃரிப் பாங்கு சொன்னதும்."

"சூரியன் விழுந்தப்புறமா? அப்ப ஆறே காலாயிடுமே. சீஃப் டாக்டர் நாகலிங்கம் சாரோட சட்டம் தெரியுமா? அஞ்சரைக்குள்ள மேஜைமேல ஆள் இல்லைன்னா பெட்டியக் கட்டிடுவார்."

ராசம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஆறே காலா? டாக்டர், நீங்க மதுரைக் கணக்குல பேசுறீங்க. மூணு நாளா நீங்க தியேட்டர விட்டு வெளிய வாறப்ப இருட்டிக்கிடக்குமே, பார்க்கலியா? இங்க அஞ்சு மணி பன்னெண்டு நிமிஷத்துக்கெல்லாம் பாங்கு. தீவுல சூரியனுக்கு ட்யூட்டி சீக்கிரம் முடிஞ்சிரும்."

வைஜெயந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கரீமாவைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பன்னிரண்டுக்கும் ஐந்தரைக்கும் நடுவே பதினெட்டு நிமிடம். கண்ணுகளா, அந்தப் பதினெட்டு நிமிடத்தில் ஒரு ஹஜ் பயணம் போய்க் குந்திக்கொண்டது.

"சரி. உங்களைப் பட்டியல்ல கடைசிக்குத் தள்ளுறேன். மதியம் சொட்டு மருந்து ஆரம்பம், பாங்கு சொன்னதும் மாத்திரை. நூத்தி அம்பத்தஞ்சுக்குப் பக்கத்துல வந்தாப் போதும். அதுக்குக் கீழ அவசரமா இறக்க மாட்டேன், ஆறு நாளா உயரத்துலயே பழகின உடம்பு. ஆனா ஒரு நிபந்தனை. ஒரு தடவை இறங்கின பிறகு மறுபடி ஏறி நூத்தி எம்பதைத் தொட்டுச்சுன்னா, நோன்பு முடிஞ்சுது. பேச்சே கிடையாது."

"நூத்தி எம்பதைத் தொட்டா நானே தண்ணி கேட்டுக் குடிக்கிறேன்" என்றார் கரீமா. "ஹஜ்ஜை விட்டுட்டு நோன்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அளவுக்கு நான் பைத்தியம் இல்ல டாக்டர்."

"ரெண்டாவது இடத்துல நான் போறேன்" என்று மரகதம் எழுந்தார். "உங்க பக்கத்துல படுத்துச் சிரிச்சே குடல் வெளிய வந்துடும்."

மதியம் ஒரு மணிக்குக் கரீமாவின் கையில் ஊசி ஏறியது. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னப் பம்ப், அதன் மேல் மருந்துக் குழல். மறு கையில் பட்டை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக இறுகும். ராசம்மா முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் வைஜெயந்தி பச்சைத் தொப்பியோடு எட்டிப் பார்ப்பார், பம்பில் ஒரு பொத்தானை அழுத்துவார், ஓடிவிடுவார்.

நூற்றித் தொண்ணூற்றிரண்டு.

நூற்றி எண்பத்தாறு.

வார்டில் பத்துக் கட்டில். இரண்டு மணிக்குள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பட்டை இறுகும் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். ராசம்மா எண்ணைச் சொன்னதும் கடைசிக் கட்டில் பெங்காலி அம்மா "கித்னா? கித்னா?" என்று கேட்பார். யாராவது இந்தியில் திருப்பிச் சொல்வார்கள். கிரிக்கெட்டுக்குக்கூட அந்த வார்டு அப்படிக் காதைத் தீட்டியிருக்காது.

நூற்றி எழுபத்தெட்டு. "ஷாபாஷ்!" என்றது கடைசிக் கட்டில்.

நூற்றி எழுபது.

மூன்றரைக்கு நூற்றி ஐம்பத்தெட்டு. மயக்கம் தெளிந்து திரும்பியிருந்த மரகதம் கண்ணைத் திறக்காமலே கேட்டார், "அக்கா எவ்வளவு?" ராசம்மா சொன்னார். மரகதம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலே காலுக்கு வாசலில் ஜீப் வந்து நிற்கும்வரை.

ரங்கத்திலிருந்து கரீமாவின் தங்கை ஜஸ்னா வந்திருந்தார். தனியாக அல்ல. ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு ஆபரேஷன் என்றால் சும்மா இருப்பார்களா? ஒரு ஜீப்பில் பதினோரு பேர், மூன்று பிளாஸ்க், ஒரு தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி. வார்டுக்குள் நுழைந்த ஜஸ்னா அக்காளைப் பார்த்தார். ஒரு கையில் ஊசி, மறு கையில் பட்டை, பக்கத்தில் மினுக்கும் பெட்டி. பார்த்த இடத்திலேயே நின்று ஓவென்று அழுதார்.

"லாத்தா! உன்னை என்ன பண்ணி வச்சிருக்காங்க! மன்னிச்சுரு லாத்தா, அந்தப் பச்சைச் சேலையை நான்தான் எடுத்தேன்!"

"எந்தச் சேலை?" என்று கரீமா எழுந்து உட்கார்ந்தார். "பெருநாளைக்கு வாங்கினதா? ரெண்டு வருஷமா நான் தேடுறேனே!"

பட்டை இறுகியது. ஜஸ்னாவின் விசும்பல் மட்டும் கேட்டது.

ராசம்மா எண்ணைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"சொல்லுங்க ராசம்மா" என்றார் கரீமா.

"நூத்தி எழுபத்தொம்பது."

அந்த நேரத்தில் வைஜெயந்தி உள்ளே வந்தார். பதினோரு பேரையும் தூக்குச்சட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு குட்டையான உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"எல்லாரும் வெளியே!"

ஜீப் கூட்டம் வந்த வேகத்தில் திரும்பியது. கரீமா மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரைக் காட்டினார்.

"டாக்டர், ஒண்ணுதான் குறையுது. இது தொட்ட மாதிரிதான். சொன்ன சொல் மாற மாட்டேன். தண்ணியைக் கொடுங்க, மாத்திரையைக் கொடுங்க. எனக்குப் போகணும் டாக்டர். மூணு வருஷம் காத்திருந்தேன்." காலையிலிருந்து அப்போதுதான் அவர் அழுதார்.

குத்தூஸ் டம்ளரை எடுத்து மனைவியின் அருகில் கொண்டுபோனார்.

வைஜெயந்தி அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டார். "பாய், கொஞ்சம் பொறுங்க. ஏறினது மருந்தால இல்ல, சேலையால." பம்பில் ஒரு படி கூட்டினார். கரீமாவைச் சாய்த்துப் படுக்க வைத்தார். "கண்ணை மூடுங்கம்மா. என்ன ஓதுவீங்களோ ஓதுங்க. இன்னொரு தடவை பார்க்கிறேன். ஏறினா நானே வாயில ஊத்திடுவேன்."

கரீமாவின் உதடுகள் அசைந்தன.

நூற்றி எழுபத்தைந்து.

மறுபடி பட்டை இறுகியது. நூற்றி அறுபத்தெட்டு.

ஐந்து மணிக்கு நூற்றி ஐம்பத்தொன்பது. வைஜெயந்தி டம்ளரை மேஜையில் வைத்தார். தன் விரல்கள் டம்ளரோடு ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

வார்டு வாசலில் டாக்டர் நாகலிங்கம் வந்து நின்றார். வெள்ளை மீசை, நெற்றியில் தொப்பியின் தழும்பு. "என்ன வைஜெயந்தி, மத்த ஆபரேஷன் எல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சு. நீங்க இன்னும் சூரியனைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களாமே?"

"நான் பிரஷரைப் பார்க்கிறேன் சார். அவங்கதான் சூரியனைப் பார்க்கிறாங்க."

"அஞ்சரை. ஒரு நிமிஷம் கூட மாட்டேன்" என்றார். ஆனால் போகவில்லை. ஜன்னல் பக்கம் போய் அவரும் வெளியே பார்த்தார். மேற்கே மலை முதுகில் சூரியன் பாதி இறங்கியிருந்தது. கட்டில்களிலிருந்து எழ முடிந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"கால்வாசி இருக்கு" என்றது ஒரு குரல்.

"ஓரம்தான் தெரியுது."

"போச்சு!"

பஜார்ப் பக்கமிருந்து பாங்கு மிதந்து வந்தது. கரீமா எழுந்து உட்கார்ந்தார். ஜஸ்னாவின் தூக்குச்சட்டிக் கஞ்சிக்கு அனுமதி இல்லை, பேரீச்சம்பழத்துக்கும் இல்லை. ராசம்மா டம்ளரில் ஒரே ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றி நீட்டினார். வைஜெயந்தி உறையைப் பிரித்து அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைக் கரீமாவின் உள்ளங்கையில் வைத்தார். கரீமா பிஸ்மி சொல்லி அதை நாக்கில் வைத்தார், தண்ணீரைக் குடித்தார். ஏழாவது நோன்பு அம்லோடிபினில் திறந்தது.

"சலோ!" என்று ராசம்மா கட்டிலின் பிரேக்கைத் தட்டிவிட்டார்.

ஐந்து இருபத்தாறுக்குக் கரீமா மேஜை மேல் இருந்தார். டாக்டர் நாகலிங்கம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்து, கை கழுவப் போனார். தொண்டையில் குழாய் இறங்கியபோது எண் ஒரு துள்ளு துள்ளி நூற்றி அறுபத்தாறுக்குப் போயிற்று. வைஜெயந்தியின் கட்டைவிரல் பம்பின் மேலேயே இருந்தது. நூற்றி ஐம்பது. நூற்றி நாற்பத்தாறு. அதன் பிறகு அது அசையவில்லை. நாலு சின்னத் துளை, ஒரு மணி நேரம், மிளகு அளவில் பதினாலு கல்.

கண் விழித்ததும் கரீமா கேட்டது கல்லைப் பற்றி அல்ல. "மஃரிப் நேரம் போயிருச்சா?"

"படுத்தபடியே தொழுதுக்கலாம்னு ஹஸ்ரத் சொல்லிட்டார்" என்றார் குத்தூஸ். காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. யாரும் அவரிடம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஜஸ்னா கொடுத்த கஞ்சியை நின்றபடியே மூன்று கிண்ணம் குடித்தார்.

சொட்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விடியும் முன் ராசம்மா நிறுத்திவிட்டார். இனி மாத்திரையின் பொறுப்பு. காலையில் நூற்றி நாற்பத்திரண்டுக்கு எண்பத்தாறு.

ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டர் நாகலிங்கமும் வைஜெயந்தியும் வார்டைச் சுற்றி வந்தார்கள். "எழுப்பி நடக்க விடுங்க" என்றார் பெரியவர். "வராந்தாவுல ரெண்டு சுத்து போதும். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் போகலாம், சான்று நான் எழுதித் தாறேன்."

கரீமா ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறு கையால் கணவரின் தோளைப் பிடித்து நடந்தார். வார்டைச் சுற்றி நாலு பக்கமும் வராந்தா. ஒரு சுற்று. இரண்டு. பின்னாலேயே மரகதம், தன் தையலைப் பிடித்துக்கொண்டு.

"போதும்மா, ரெண்டாயிடுச்சு" என்று குழுவின் ஜீப்பிலிருந்து வைஜெயந்தி கத்தினார்.

"ஏழு டாக்டர்!" என்று கரீமா திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "அங்க ஹஜ்ஜுல ஏழு சுத்தணும். கால் இப்பவே பழகட்டும்!"

"மூணோட நிறுத்துங்க!"

"நாலு!"

"அக்கா, பேரம் பேசுனது போதும், முன்னால பார்த்து நடங்க" என்றார் மரகதம். "நீங்க நின்னா நான் வந்து இடிச்சுருவேன்."

ஜீப் கிளம்பியது. கரீமா மூன்றை முடித்து நாலாவது சுற்றுக்குத் திரும்பினார்.